பாலைவனத்தில் கற்ற தொழில், கடற்கரை ஊருக்கு வருமா?

வளைகுடாவிலிருந்து திரும்பி வரும் எமது சகோதரர்கள் ஊரில் என்ன தொழில் தொடங்குகிறார்கள்? மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை பிரதான வீதியில் ஒரு தடவை போய் வந்தால் விடை தெரிந்துவிடும். தொலைபேசிக் கடை, புடவைக் கடை, சில்லறைக் கடை, முச்சக்கரவண்டி. ஒருவர் தொடங்கி நன்றாகப் போனால் அதே வரிசையில் இன்னும் நால்வர் தொடங்குகிறார்கள். பிறகு ஐவருக்கும் இலாபமில்லை. பல வருடங்கள் வெயிலில் உழைத்துச் சேர்த்த பணம் கடை வாடகையிலும் தேங்கிய சரக்கிலும் கரைந்துபோகிறது.

அவர்கள் கொண்டு வருவது பணம் மட்டுமல்ல, தொழில் அறிவும்தான். அதை நாம் கணக்கில் எடுப்பதில்லை. அப்படிக் கவனிக்கப்படாமல் கிடக்கும் தொழில்களில் ஒன்றுதான் பூச்சிக் கட்டுப்பாடு. டுபாய், தோஹா, ரியாத், குவைத் போன்ற நகரங்களில் இதற்கென்றே கம்பனிகள் இயங்குகின்றன. அவற்றில் கையில் கருவி பிடித்து வேலை செய்வோர் பெரும்பாலும் எம்மைப் போன்ற தெற்காசிய நாட்டவர்கள். அங்கே பயிற்சியும் அனுமதியும் பெற்று, வருட ஒப்பந்தத்தில் நடக்கும் கௌரவமான சேவை அது. இங்கோ மண்ணெண்ணெய்ப் பந்தமும், விவசாயக் கடையில் வாங்கிய ஒரு போத்தலும், துணிச்சலான ஒரு ஆளும் இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். அந்த நினைப்பு உயிரையே பறிக்கக்கூடியது என்பதால்தான் வர்த்தகப் பக்கத்தில் இதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

பாலைவன வீடு கற்றுத்தந்த பாடம்

பாலைவனத்தில் பூச்சி ஏது என்று சிலர் கேட்கலாம். உண்மையில் மணலின் நடுவே கட்டப்படும் வீடுதான் பூச்சிகளுக்குச் சொர்க்கம். சுற்றிலும் கொதிக்கும் மணல். நடுவே நிழல், தண்ணீர் ஊற்றப்படும் தோட்டம், குளிரூட்டியிலிருந்து சொட்டும் ஈரம், உணவுக் கழிவு. பல மைல் தூரத்துக்கு இல்லாத வசதியெல்லாம் ஒரே மதிலுக்குள் இருக்கும்போது ஜீவராசிகள் அங்கே வராமல் எங்கே போகும்?

அரேபியப் பாலைவனத்தின் மஞ்சள் தேளும் தடித்த வாலுள்ள கறுப்புத் தேளும் ஆளைக் கொல்லக்கூடிய நஞ்சுள்ளவை. பேரீச்ச மரங்களை அண்டியும் சுவர்ப் பொந்துகளிலும் கூடு கட்டும் கீழைத்தேயக் குளவி அங்கே பிரசித்தம். ‘சம்சும்’ என்று அரபிகள் அழைக்கும் கறுப்பு எறும்பு பார்ப்பதற்குச் சாதாரணமானது. ஆனால் அதன் கடி ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் சில நிமிடங்களில் மூச்சுத் திணறலை உண்டாக்கும். சவூதியிலும் ஐக்கிய அரபு இராச்சியத்திலும் அதனால் மரணங்களும் நேர்ந்துள்ளன.

இவற்றைச் சமாளிக்கும் நல்ல கம்பனி முதலில் மருந்தை எடுப்பதில்லை. முதலில் பார்வையிடுகிறது. தேள் புற ஊதா ஒளியில் பச்சை நீலமாக ஒளிரும் தன்மை கொண்டது. ஆகவே இரவில் அந்த ஒளிவிளக்குடன் மதிலைச் சுற்றி நடந்து எத்தனை தேள் எங்கிருந்து வருகின்றன என்று எண்ணுகிறார்கள். இரண்டாவதாக வழியை அடைக்கிறார்கள். கதவின் கீழ் இடைவெளி, குழாய் நுழையும் துவாரம், சுவர் வெடிப்பு ஆகியவை மூடப்படுகின்றன. மூன்றாவதாக இருப்பிடத்தை அகற்றுகிறார்கள். மதிலோரம் அடுக்கிய பலகை, கல், அட்டைப் பெட்டி எல்லாம் அப்புறப்படுத்தப்படுகின்றன. நான்காவதாகத்தான் மருந்து. அதுவும் வேண்டிய இடத்தில், வேண்டிய அளவில் மட்டும். பிறகு மாதம் ஒரு தடவை வந்து பார்த்துக் குறிப்பெழுதி வைக்கிறார்கள்.

எமது சகோதரர்கள் கற்று வந்த தொழிலின் சாரம் இதுதான். வாடிக்கையாளர் காசு கொடுப்பது மருந்துக்கு அல்ல, இந்த அறிவுக்கும் பொறுப்புக்கும். இதைப் புரிந்தவர் இத்தொழிலில் நிலைத்து நிற்பார். புரியாதவர் மருந்து வியாபாரியாகவே இருந்துவிடுவார்.

எமது மண்ணின் நிலை

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று எமது ஊர்கள் எல்லாம் கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட மணல் திட்டில் அமைந்தவை. நெருக்கமான குடியிருப்பு. ஒரு வீட்டின் சுவரும் அடுத்த வீட்டின் சுவரும் கைநீட்டும் தூரத்தில் இருக்கின்றன. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமிக்குப் பின்னர் எத்தனையோ வீடுகள் புதிதாகக் கட்டப்பட்டன. அந்தக் கதவு நிலைகளையும் கூரை மரங்களையும் கறையான் விட்டுவைக்குமா?

வியாபாரத் தலங்களிலும் இதே கதைதான். சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பகுதி அரிசி ஆலைகளில் வண்டு. அரிசி வண்டு தன் முட்டையை மணிக்குள்ளேயே இடுவதால், வெளியே சுத்தமாகத் தெரியும் மூடையிலிருந்தும் சில வாரங்களில் வண்டு கிளம்பும். மருதமுனைக் கைத்தறித் துணியில் போட்ட கஞ்சியைத் தின்ன இராமபாணப் பூச்சியும் கரப்பானும் வரும். பேக்கரியிலும் ஹோட்டலிலும் எலி. பொத்துவில் அறுகம்பைப் பக்கம் உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதிகளில் மூட்டைப்பூச்சி. மாரி மழை தொடங்கினால் எங்கும் ஈசலும் நுளம்பும்.

ஆக, தேவை இருக்கிறது. ஆனால் வளைகுடாவில் செய்ததை அப்படியே இங்கு செய்ய முடியாது. காரணம் எமது கிணறு.

பாலைவன நகரத்தில் வீட்டு வளவில் குடிநீர்க் கிணறு இல்லை. இங்கே அத்திவாரத்திலிருந்து சில அடி தூரத்தில் கிணறு இருக்கிறது. குழாய் நீர் வந்த பின்னரும் கிணற்று நீரைப் பாவிக்கும் வீடுகள் இருக்கின்றன. மணலுக்குக் கீழே உவர் நீரின் மேல் மெல்லிய ஆடைபோலத்தான் நல்ல நீர் நிற்கிறது. சுனாமிக்குப் பின் கிணறுகள் உப்பாகி, அவற்றை இறைத்து இறைத்துச் சலித்தவர்களுக்கு இது புதிதல்ல. களிமண் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மணலோ அதைக் கீழே விட்டுவிடும். கறையானுக்கென்று அத்திவாரத்தைச் சுற்றி லீற்றர் கணக்கில் ஊற்றும் மருந்து அடுத்த மழைக்கு யாருடைய கிணற்றில் இருக்கும் என்பதைச் சிந்திக்க வேண்டும்.

அல்ட்ரின், டீல்ட்ரின், குளோர்டேன் முதலியவை ஒரு காலத்தில் கறையானுக்கு உலகெங்கும் ஊற்றப்பட்டன. மண்ணிலும் உடல் கொழுப்பிலும் பல வருடங்கள் அழியாமல் தங்குகின்றன என்று கண்ட பின்னர், 2001 இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை அவற்றை ஒதுக்கியது. அவற்றின் இடத்துக்கு வந்த குளோர்பைரிபொஸ் என்ற மருந்தும் 2025 இல் சில விதிவிலக்குகளுடன் அதே பட்டியலில் சேர்க்கப்பட்டது. நேற்றுச் சிறந்த மருந்து என்று விற்றது இன்று தடைசெய்யப்படுகிறது. எனவே இத்தொழிலில் இருப்பவர் படிப்பை நிறுத்த முடியாது. கிணறு அருகில் உள்ள வளவில் நிலத்தில் ஊற்றுவதைத் தவிர்த்து, மரத்துக்கே மருந்து பூசுவது, கறையான் ஏறும் மண் குழாயைக் கண்டு அந்த இடத்தில் மட்டும் கை வைப்பது, இரை வைத்துக் கூட்டத்தையே அழிப்பது போன்ற முறைகளைத் தெரிந்தவரே எமது மண்ணுக்கு ஏற்றவர்.

குளவிக் கூட்டுக்குத் தீ வைக்கலாமா?

மலையகத் தோட்டங்களில் குளவி கொட்டித் தொழிலாளர்கள் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டனர் என்ற செய்தியை அடிக்கடி படிக்கிறோம். சீகிரியாவில் சிங்கப் பாதத்தின் அருகே, குளவி கிளம்பினால் மக்கள் ஓடி ஒளிவதற்கென்று கம்பிவலைக் கூண்டே அமைத்திருக்கிறார்கள். நாம் பொதுவாகக் குளவி என்று சொல்வதில் இரண்டு இனங்கள் கலந்திருக்கின்றன. பாறையிலும் உயர்ந்த மரத்திலும் பெரிய அடை தொங்கவிடுவது பெருந்தேனீ. காகிதம் போன்ற உறையால் பந்து வடிவில் கூடு கட்டுவது உண்மையான குளவி. தேனீ ஒரு தடவைதான் கொட்டும், அதன் கொடுக்கு எமது தோலிலேயே தங்கிவிடும். குளவி திரும்பத் திரும்பக் கொட்டும்.

இந்த வேறுபாடு தெரியாதவரிடம் வேலையைக் கொடுக்கக் கூடாது. சிறு தேனீயாக இருந்தால் தேன் வளர்ப்பவரைக் கூப்பிட்டுப் பெட்டிக்கு மாற்றலாம். பெருந்தேனீயைப் பெட்டியில் வளர்க்க முடியாது. ஆனால் அது பருவத்துக்கு இடம்பெயரும் இனம், ஆட்கள் நடமாட்டம் இல்லாத இடமென்றால் விட்டுவைத்தாலே போய்விடும். வீட்டு முற்றத்திலோ மத்ரஸாவின் கூரையிலோ கூடு கட்டிய குளவியை அகற்றத்தான் வேண்டும். அதை இரவில், முழு உடலையும் மூடும் ஆடையும் முகவலையும் அணிந்து, குளவிக்கு அவ்வளவாகத் தெரியாத சிவப்பு ஒளியில், கூட்டின் வாயினுள் மருந்துத் தூளைச் செலுத்திச் செய்வார்கள். அயல் வீட்டாருக்கு முன்கூட்டியே அறிவித்துக் கதவு யன்னல்களை மூடச் சொல்வதும் அந்த வேலையின் ஒரு பகுதியே.

தீப்பந்தத்தால் கொளுத்துவது எமது ஊர்களில் பழகிப்போன வழி. ஓலைக் கூரையும் மின் கம்பியும் உள்ள வளவில் அது எத்தகைய ஆபத்து என்று விளக்க வேண்டியதில்லை. மார்க்க ரீதியாகவும் சிந்திக்க வேண்டும். எறும்புப் புற்றொன்று எரிக்கப்பட்டதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், நெருப்பால் தண்டிக்கும் உரிமை நெருப்பின் இறைவனுக்கே உரியது என்ற கருத்தில் கண்டித்ததாக ஹதீஸில் வந்துள்ளது. தேனீயையும் எறும்பையும் வீணாகக் கொல்வது தடுக்கப்பட்டுள்ளது. தேளை எங்கு கண்டாலும் கொல்ல அனுமதி உண்டு. தீங்கு தருவதைத் தடுக்கலாம், ஆனால் வீணாக அழிக்கக் கூடாது என்ற இந்த அளவுகோலுக்கும், நல்ல கம்பனியின் தொழில்முறைக்கும் அதிக வித்தியாசமில்லை என்பது கவனிக்கத்தக்கது.

கொட்டு வாங்கியவர் விடயத்தில் ஒரு வார்த்தை. உதடு, நாக்கு வீங்குதல், மூச்சிரைத்தல், தலைசுற்றல், உடல் முழுவதும் தடித்தல் ஆகியவை ஒவ்வாமையின் அடையாளங்கள். இதற்கு உயிர்காக்கும் மருந்து அட்ரினலின் ஊசி. சுண்ணாம்பு பூசிக்கொண்டு நேரத்தைக் கடத்தாமல் உடனே அருகிலுள்ள வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். ஒவ்வாமை இல்லாவிட்டாலும் பல கொட்டுகள் வாங்கியவர், குறிப்பாகச் சிறுபிள்ளைகள், வைத்தியரிடம் போயே ஆக வேண்டும். அதிக நஞ்சு சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

கொழும்பு விடுதியில் நடந்தது

இப்போது எல்லாவற்றிலும் பாரதூரமான விடயத்துக்கு வருவோம். 2025 பெப்ரவரி முதலாம் திகதி கொழும்பில் ஒரு விடுதியில் தங்கியிருந்த பிரித்தானிய யுவதி ஒருவரும் ஜேர்மன் யுவதி ஒருவரும் வைத்தியசாலையில் மரணமானார்கள். அந்த விடுதியில் மூட்டைப்பூச்சிக்காக ஓர் அறைக்குப் புகையூட்டப்பட்டிருந்தது. அந்த நச்சுப் புகையே காரணம் என்ற சந்தேகத்தில் விசாரணை நடந்தது. விடுதி மூடப்பட்டது. செய்தி உலகம் முழுவதும் பரவியது.

வளைகுடாவில் வாழ்ந்தவர்களுக்கு இத்தகைய செய்தி பழக்கமானது. ஐக்கிய அரபு இராச்சியத்தில் ஒரு வீட்டில் யாரோ இரகசியமாக வைத்த மாத்திரையால் அடுத்த வீட்டுக் குழந்தைகள் இறந்த சம்பவங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட தடவைகள் நடந்துள்ளன. அந்த மாத்திரையின் பெயர் அலுமினியம் பொஸ்பைட். காற்றிலுள்ள ஈரம் பட்டதும் அது பொஸ்பீன் என்ற வாயுவை விடும். அந்த வாயு சுவர் வெடிப்பு, மின்கம்பிக் குழாய், குளிரூட்டித் துவாரம் வழியே அடுத்த அறைக்குப் போகும். எல்லோருக்கும் அதன் மணம் தெரியும் என்று சொல்ல முடியாது. தலைவலியும் வாந்தியும் வரும்போது உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்றே நினைப்பார்கள். அதற்கு மாற்று மருந்து கிடையாது.

இந்த மாத்திரை தானியக் களஞ்சியத்துக்கு உரியது. மூடைகளைக் காற்றுப் புகாத விரிப்பால் மூடி, ஆட்களை அகற்றி, எச்சரிக்கைப் பலகை வைத்து, சில நாட்கள் விட்டு, பிறகு காற்றோட்டம் கொடுத்து வாயுவின் அளவைப் பார்த்தே உள்ளே போக வேண்டும். அரிசி ஆலை உரிமையாளர்கள் சிந்திக்க வேண்டிய இடம் இது. ஆலைக்கும் குடியிருப்புக்கும் இடையே ஒரு சுவர்தான் என்றால், காவலாளி அந்தக் களஞ்சியத்திலேயே உறங்குகிறார் என்றால், வண்டுக்கு வைத்தது மனிதனுக்கு ஆகிவிடும். வீட்டிலோ விடுதி அறையிலோ இந்த மாத்திரையை வைக்க எந்த நியாயமும் இல்லை. கட்டிலுக்கடியில் நாலு மாத்திரை போட்டால் மூட்டை போய்விடும் என்று சொல்பவரை வாசலோடு திருப்பி அனுப்புங்கள். மூட்டைப்பூச்சிக்கு மெத்தை, விரிப்புகளைக் கொதிநீரில் அல்லது கடும் வெப்பத்தில் போடுவது, கட்டில் பொருத்துகளைச் சுத்தம் செய்வது, நீராவி, பதிவு பெற்ற மருந்து ஆகிய வழிகள் இருக்கின்றன. அவற்றுக்கு ஒரு வருகை போதாது, இரண்டு மூன்று தேவைப்படும். செலவு கூடத்தான். ஒரு பருவம் விடுதியை மூடி வைக்கும் செலவோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

சட்டமும் கணக்கும்

இலங்கையில் இத்துறையை ஆள்வது 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம். பேராதனை கெட்டம்பேயில் உள்ள பீடைகொல்லிகள் பதிவாளர் அலுவலகமே இதற்குப் பொறுப்பு. அங்கு பதிவு பெறாத எந்த மருந்தையும் இறக்குமதி செய்யவோ விற்கவோ முடியாது. தொழில் தொடங்க எண்ணும் சகோதரர் முதலில் போக வேண்டிய இடம் வங்கியல்ல, அந்த அலுவலகம். சேவை வழங்குபவருக்கு வேண்டிய பயிற்சி, சான்றிதழ், எந்த வேலைக்கு எந்த மருந்து என்ற விபரங்களை அங்கே எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். அதன் பின்னர் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு, உள்ளூராட்சி சபையின் அனுமதிப்பத்திரம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை எதிரியாகப் பார்க்காமல், அவரோடு சேர்ந்து செய்யும் தொழிலாக இதை நினைக்க வேண்டும்.

இன்னும் வளைகுடாவில் இருப்பவர்களுக்கு ஓர் ஆலோசனை. திரும்பி வரும்போது தொலைக்காட்சிப் பெட்டியோடு பயிற்சிச் சான்றிதழையும், பரீட்சைச் சான்றையும், கம்பனியின் சேவைக் கடிதத்தையும் எடுத்து வாருங்கள். தொலைக்காட்சி பழுதாகும், அந்தக் கடதாசி சோறு போடும்.

முதலீட்டைப் பொறுத்தவரை இத்தொழிலுக்குப் பிரதான வீதியில் கடை தேவையில்லை. தெளிகருவிகள், தூள் செலுத்தும் கருவி, பாதுகாப்பு ஆடை, தகுந்த முகக்கவசம், கையுறை, ஏணி, ஒரு வாகனம், பூட்டிய மருந்து அறை ஆகியவையே முதல். பாதுகாப்பு ஆடையில் சிக்கனம் பார்ப்பவர் இத்தொழிலுக்கு வரவே கூடாது. வருமானம் ஒரு தடவை கூலியில் இல்லை, வருட ஒப்பந்தத்தில் இருக்கிறது. பேக்கரி, ஹோட்டல், அரிசி ஆலை, துணிக் களஞ்சியம், தனியார் வைத்தியசாலை, பாடசாலை, பள்ளிவாசல் என்று இருபது இடங்களை மாதாந்தம் பார்ப்பவருக்கு மழைக்காலமும் கோடைகாலமும் ஒன்றுதான். புதிதாக வீடு கட்டுபவர்களுக்கு அத்திவாரம் போடும்போதே கறையான் தடுப்புச் செய்வது இன்னொரு வாய்ப்பு.

ஒரு விடயத்தை மட்டும் மறக்கக் கூடாது. மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் பழக்கம் இத்தொழிலின் புற்றுநோய். அதைக் குளிர்பானம் என்று ஒரு பிள்ளை குடித்துவிட்டால் எந்த நட்டஈடும் ஈடாகாது. கடும் நஞ்சுள்ள மருந்துகளை 1995 முதல் படிப்படியாகத் தடை செய்ததாலேயே இந்நாட்டில் தற்கொலை மரணங்கள் பெருமளவு குறைந்தன என்பதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இருப்பதே ஆபத்து என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

வாடிக்கையாளர் கேட்க வேண்டியவை

இத்தொழிலைத் திருத்துவது விற்பவர் கையில் மட்டும் இல்லை, வாங்குபவர் கையிலும் இருக்கிறது. எமது வர்த்தகர்கள் மருந்தடிக்க ஆளைக் கூப்பிடும்போது ஐந்து கேள்விகள் கேட்கட்டும். உங்கள் சான்றிதழ் எங்கே? என்ன மருந்து பாவிக்கிறீர்கள், அதன் மூலப் போத்தலையும் லேபலையும் காட்ட முடியுமா? என் கிணறும் அயல் வீடும் எவ்வளவு தூரம் என்று பார்த்தீர்களா? எத்தனை மணித்தியாலம் கழித்து உள்ளே வரலாம் என்பதை எழுதித் தருவீர்களா? யாருக்காவது சுகவீனம் ஏற்பட்டால் வைத்தியரிடம் சொல்வதற்கு மருந்தின் பெயரை இங்கே விட்டுச் செல்வீர்களா? ஐந்துக்கும் பதில் சொல்பவர் கூடுதலாகக் கேட்டாலும் கொடுங்கள். பதில் சொல்லாதவர் இலவசமாகச் செய்தாலும் வேண்டாம்.

தானியக் குவியலினுள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்து, அடியில் ஈரமிருப்பதைக் கண்டு, அதை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட சம்பவம் எமது வியாபாரிகள் எல்லோருக்கும் தெரியும். பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழிலில் அந்த ஈரம் கண்ணுக்குத் தெரியாத புகையாகவும் கிணற்று நீரில் கலந்த நஞ்சாகவும் இருக்கிறது. வாடிக்கையாளர் கையை விட்டுப் பார்க்க முடியாது. எனவே சொல்ல வேண்டிய கடமை விற்பவருக்கே உரியது. தன் வீட்டுச் சாவியையே நம்பிக் கொடுப்பவரின் அமானிதம் அது.

பள்ளிவாசல் சம்மேளனங்களும் வர்த்தக சங்கங்களும் மனம் வைத்தால், ஊர் ஊராகத் திரும்பி வந்துள்ள பயிற்சி பெற்றவர்களை இனங்கண்டு, நாலைந்து பேரைக் கூட்டாகச் சேர்த்து, கல்முனைக்கென்று முறையான ஒரு சேவையை உருவாக்க முடியும். முதல் ஒப்பந்தத்தைப் பள்ளிவாசலும் மத்ரஸாவுமே கொடுக்கலாம். இன்னொரு தொலைபேசிக் கடை திறப்பதைவிட ஊருக்கு அது பெரிய உதவி. அயலவரின் பிள்ளை நிம்மதியாக உறங்குவதும் எமது இலாபக் கணக்கில் சேர வேண்டிய ஒன்றுதான். அந்தக் கணக்கைச் சரியாகப் பார்ப்பவருக்கு அல்லாஹ் பரக்கத் செய்வான், இன்ஷா அல்லாஹ்.